திருவண்ணாமலையிலிருந்து திலக் மார்க்குக்கு

திருவண்ணாமலை நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகளாகத் தொழில் செய்துவரும் ஒரு சிவில் வக்கீலை எடுத்துக்கொள்வோம். அவர் கையில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. முன்சீப் கோர்ட்டில் தொடங்கி, முதல் அப்பீல், சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் அப்பீல் என்று ஏறிவந்த வழக்கு, இப்போது டெல்லிக்குப் போயாக வேண்டும். நிலத்தின் நான்கெல்லை, பட்டாவில் நடந்த பெயர் மாற்றம், கூண்டில் ஏறிய சாட்சி எந்த இடத்தில் தடுமாறினார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கட்சிக்காரருக்கும் அவர்மேல்தான் நம்பிக்கை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவு, உச்ச நீதிமன்றம் உட்பட இந்தியாவின் எல்லா நீதிமன்றங்களிலும் தொழில் செய்யும் உரிமையை அவருக்குத் தந்திருக்கிறது.

ஆனாலும் டெல்லி திலக் மார்க்கில் இருக்கும் அந்த நீதிமன்றத்தில் அவர் தம் பெயரில் ஒரு மனுவைக்கூடத் தாக்கல் செய்ய முடியாது. வக்காலத்து போட முடியாது. அங்கே ஏ.ஓ.ஆர். என்று அழைக்கப்படும் பதிவு வழக்கறிஞர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அறிவுறுத்தினால்தான், அல்லது நீதிமன்றமே அனுமதித்தால்தான், திருவண்ணாமலை வக்கீல் எழுந்து நின்று வாதாட முடியும். கட்சிக்காரர் வழக்கறிஞரே வைக்காமல் தாமே மனுப்போட வழி இருக்கிறது. இருபது ஆண்டு அனுபவமுள்ள அவருடைய வக்கீலுக்கு அந்த வழி இல்லை.

நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று யார் முடிவு செய்கிறார்கள்? எந்த அடிப்படையில்? இது வக்கீல்களின் தொழில் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது. 2002இல் அண்ணாமலையார் கோயிலைத் தேசிய நினைவுச்சின்னமாக்கித் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள இந்தியத் தொல்லியல் துறை முற்பட்டபோது ஊரே எதிர்த்து நின்றது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் கோயில் அறநிலையத் துறையிடமே இருந்தது. ஓர் ஊரின் ஆயிரமாண்டுச் சொத்தும் ஒரு குடும்பத்தின் அரை ஏக்கரும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. அந்த வாசலின் அகலம் எல்லோருக்கும் உரிய கேள்வி.

இந்த வாசலின் பழைய வடிவம் ஒன்று திருவண்ணாமலையின் வரலாற்றோடு ஒட்டிக்கிடக்கிறது. இங்கே வாழ்ந்த ரமண மகரிஷியின் தந்தை சுந்தரம் ஐயர் திருச்சுழியில் சான்றிதழ் பெறாத வக்கீலாக இருந்தவர். சிறுவயதில் மாதம் இரண்டு ரூபாய் சம்பளத்தில் கணக்குப்பிள்ளையிடம் எழுத்து வேலை, பிறகு மனு எழுதுபவர், அதன்பின் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்காட அனுமதி என்று படிப்படியாக ஏறினார். சட்டப் படிப்பு கிடையாது, தேர்வு கிடையாது. நீதிபதிக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கையும் ஊராருக்கு இருந்த மதிப்புமே அவருடைய தகுதி. ரமணர் பிறந்தது 1879 டிசம்பர் 30இல். அதே 1879இல்தான் பிரிட்டிஷ் இந்திய அரசு சட்டத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்து வக்கீல், பிளீடர், முக்தியார் என்று ஒவ்வொரு படியையும் வரையறுத்தது. சுந்தரம் ஐயர் போன்றவர்கள் நின்ற இடம் மெல்ல மெல்லச் சுருங்கியது. அதன் மிச்சம் இன்றும் ஒரு பிரிவாக உயிரோடிருக்கிறது: வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, பதிவு பெறாத ஒருவரையும் ஒரு குறிப்பிட்ட வழக்கில் ஆஜராக நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

அன்றைய படிக்கட்டு செங்குத்தானது. இங்கிலாந்தில் படித்து வந்த பாரிஸ்டர்கள் உச்சியில். உயர் நீதிமன்ற வக்கீல்கள் அடுத்து. அவர்களுக்குக் கீழே ஜில்லா கோர்ட்டோடு நின்றுகொள்ள வேண்டிய பிளீடர்கள், அதிலும் முதல் நிலை, இரண்டாம் நிலை. கல்கத்தாவிலும் பம்பாயிலும், வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில் சொலிசிட்டர் இடையில் நிற்காமல் அட்வகேட் வாய் திறக்க முடியாது. சென்னை இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. உயர் நீதிமன்றம் தொடங்கிய 1862க்குப் பின் சில ஆண்டுகளிலேயே இந்திய வக்கீல்களுக்கு ஒரிஜினல் சைடு திறந்தது. பாஷ்யம் ஐயங்கார், முத்துசாமி ஐயர் தலைமுறை சென்னையில் எழுந்து வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். வாசல் கொஞ்சம் அகன்றதும் உள்ளே யார் வந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

அனுமதி தரப்பட்டது போலவே பறிக்கவும்பட்டது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1890களில் பிளீடர் தேர்வில் தேறி ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் வழக்காடியவர். 1908இல் ராஜதுரோகத் தண்டனை விழுந்ததும் அவருடைய சன்னது, அதாவது தொழில் உரிமம், ரத்தானது. 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தவருக்குக் கோர்ட்டுக்குள் நுழைய உரிமை இல்லை. சென்னையில் மளிகைக் கடை வைத்தும் வேறு சிறு வேலைகள் பார்த்தும் குடும்பத்தை ஓட்டினார். பிற்பாடு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் வ.உ.சி. தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஒரு காகிதம் இருந்தால் வக்கீல், இல்லாவிட்டால் கடைக்காரர் என்ற நிலைமையை அவர் குடும்பமே அனுபவித்தது.

பெண்களுக்கு அந்தக் காகிதமே எட்டாமல் இருந்தது. சட்டப் பட்டம் பெற்ற ரெஜினா குகா 1916இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்திடம் கேட்டபோது, பெண் என்பதால் பிளீடராகப் பதிய முடியாது என்று தீர்ப்பு வந்தது. 1923இல் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தடையை நீக்கினார்கள்.

இந்தத் தடைகளின் அடுத்த படி டெல்லியில். கூட்டாட்சி நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டாலே அமெரிக்கா நினைவுக்கு வரும். ஆனால் இந்தியாவிலும் அதே பெயரில் ஒரு நீதிமன்றம் இருந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் ஃபெடரல் கோர்ட் 1937 அக்டோபர் 1இல் டெல்லியில் தொடங்கியது. அதற்கெனத் தனிக் கட்டடம் இல்லை. இன்று பழைய நாடாளுமன்றக் கட்டடம் என்று சொல்கிறோமே, அதில் மன்னர்கள் சபைக்காக அமைத்த மண்டபத்தில் அமர்ந்தது. சர் மாரிஸ் குவையர் முதல் தலைமை நீதிபதி. சென்னையிலிருந்து சர் எஸ்.வரதாச்சாரியார் 1939இலும், எம்.பதஞ்சலி சாஸ்திரி 1947இலும் அதன் நீதிபதிகளாகப் போனார்கள். உயர் நீதிமன்ற வக்கீல் என்பது மட்டும் அங்கே போதாது. அந்த நீதிமன்றத்தின் பட்டியலில் தனியாகப் பதிய வேண்டும். வாதாட அட்வகேட், காகித வேலைகளுக்கு ஏஜெண்ட் என்று இரு பிரிவு. 1950 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறந்தபோது இந்த ஏற்பாடும் கூடவே வந்தது. 1950களில் ஏஜெண்ட் என்ற பிரிவு போய், அதன் இடத்தில் ஏ.ஓ.ஆர். வந்தது. ஆகவே இன்றைய திருவண்ணாமலை வக்கீலின் முன் நிற்கும் தடுப்பு, வைசிராய் காலத்து ஏற்பாட்டின் நேர் வாரிசு.

அந்த ஆரம்ப ஆண்டுகளில் இதைப் பற்றி ஒரு பெரிய வழக்கே நடந்தது. 1951இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, உச்ச நீதிமன்ற அட்வகேட் எந்த உயர் நீதிமன்றத்திலும் தொழில் செய்யலாம் என்றது. அஸ்வினி குமார் கோஷ் என்பவர் அதை நம்பி, கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில் தம் கட்சிக்காரர் நேரடியாகக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைத் தாக்கல் செய்தார். சொலிசிட்டர் இல்லாமல் வாங்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. அப்போது தலைமை நீதிபதியாக இருந்தவர் அதே பதஞ்சலி சாஸ்திரி. தொழில் செய்யும் உரிமை என்றால் வாதாடுவதும் உண்டு, கட்சிக்காரருக்காகத் தாக்கல் முதலிய காரியங்களைச் செய்வதும் உண்டு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பிடித்துவைக்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் 1952இல் முடிவு சொன்னார்கள். சென்னை வக்கீல்களின் நீண்ட பழக்கம் அந்தத் தீர்ப்பின் பின்னால் நிற்பதாகவே படுகிறது.

அடுத்து வந்தது எஸ்.ஆர்.தாஸ் தலைமையிலான அகில இந்திய பார் கமிட்டி. 1953இல் தந்த அறிக்கையில், நாடு முழுவதற்கும் ஒரே வகை வக்கீல், ஒரே பட்டியல் என்று அது பரிந்துரைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1961ஆம் ஆண்டுச் சட்டம். பாரிஸ்டர், வக்கீல், பிளீடர், முக்தியார் எல்லாம் ஒழிந்து அட்வகேட் என்ற ஒரே பெயர் நிலைத்தது. அந்தச் சட்டத்தின் இதயமே 30ஆம் பிரிவு. ஆனால் சட்டத்தின் மற்றப் பகுதிகள் நடைமுறைக்கு வந்த பிறகும் அந்த ஒரு பிரிவை மட்டும் மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவரவில்லை. 1988இல் அல்தமேஷ் ரெய்ன் வழக்கில் உச்ச நீதிமன்றமே, ஆறு மாதத்துக்குள் இதைப் பரிசீலியுங்கள் என்று அரசுக்கு உத்தரவிட்டது. அதற்குப் பின்னும் இருபத்து மூன்று ஆண்டுகள் கடந்தன. 2011 ஜூன் 15இல்தான் அந்தப் பிரிவு அமலுக்கு வந்தது. சட்டப் புத்தகத்தில் அச்சாகி ஐம்பது ஆண்டு தூங்கிய ஓர் உரிமை அது. ஒரு முழுத் தலைமுறை வக்கீல்கள் அதைப் பார்க்காமலேயே ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

இன்று ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ செங்கத்திலிருந்தோ வந்தவாசியிலிருந்தோ புறப்பட்டால் முதல் படி சட்டக் கல்லூரி. விழுப்புரத்திலும் வேலூரிலும் அரசுக் கல்லூரிகள் வந்ததால் சென்னைக்கே போக வேண்டியதில்லை. விழுப்புரம் கல்லூரி 2017இல் வந்தது. வேலூர்க் கல்லூரி 2008இல். பட்டம் கையில் வந்ததும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒழுக்கக் கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரானால், விடுதலைக்குப் பின் இரண்டு ஆண்டு கழியும்வரை பதிவு கிடையாது. பதிவு எண்ணின் முன்னால் மெட்ராஸை நினைவூட்டும் எம்.எஸ். என்ற எழுத்துகள். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் அணிந்து உறுதிமொழி எடுக்கும் அந்த நாளுக்கு ஊரிலிருந்து குடும்பமே கிளம்பி வரும். அவர்களில் பலருடைய வம்சத்தில் கோர்ட்டுக்குள் வக்கீலாக நுழையும் முதல் ஆள் அந்தப் பிள்ளைதான்.

அந்த நாளின் விலை பல ஆண்டுகளாகக் கொடுமையாக இருந்தது. சட்டம் சொல்லும் கட்டணம் மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 100, 25. நடைமுறையில் அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் என்று பல மாநிலங்களில் பதினைந்தாயிரத்திலிருந்து நாற்பதாயிரத்துக்கு மேல் வரை வாங்கினார்கள். 2024 ஜூலை 30இல் கௌரவ் குமார் வழக்கில் தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. நாடாளுமன்றம் நிர்ணயித்த தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது, அப்படி வாங்குவது விளிம்பில் இருப்பவர்களைத் தொழிலுக்கு வெளியே தள்ளுவதாகும் என்பது தீர்ப்பின் சாரம். ஏற்கெனவே கட்டியவர்களுக்குப் பணம் திரும்பவில்லை. அது ஒரு குறைதான்.

பதிவுக்குப் பின் அகில இந்திய பார் தேர்வு. முதல் தேர்வு 2011 மார்ச் 6இல் நடந்தது. நூறு கேள்விகள், குறிப்புகள் எழுதாத சட்டப் புத்தகங்களைக் கையோடு கொண்டுபோகலாம். தமிழிலும் எழுதலாம். தேறப் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், பட்டியல் பிரிவினருக்கு 40. இந்தத் தேர்வு செல்லுமா என்ற கேள்விக்கு 2023 பிப்ரவரி 10இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, செல்லும் என்று விடை சொன்னது. பதிவு செய்யும்போது பயிற்சி நிபந்தனை விதிக்க பார் கவுன்சிலுக்கு அதிகாரமில்லை என்ற 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பை அது புரட்டிப்போட்டது. பட்டம் வாங்கியதுமே பிறருடைய உயிரையும் உடைமையையும் கையில் எடுக்கும் தொழிலில் இப்படி ஒரு குறைந்தபட்சச் சோதனை இருப்பதில் தவறில்லை. போலிச் சான்றிதழோடு தொழில் செய்பவர்களைக் கண்டுபிடிக்க 2023இல் முன்னாள் நீதிபதி தீபக் குப்தா தலைமையில் குழு அமைக்கும் அளவுக்கு நிலைமை போயிருந்ததை நினைத்தால், இந்தச் சோதனை இன்னும் கடுமையாக இருந்தாலும் தகும்.

ஜூனியராக இருக்கும் ஆண்டுகள்தான் உண்மையான வடிகட்டி. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு, ஜூனியர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று வழிகாட்டியது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000. மற்ற மாவட்டங்களில் 15,000. திருவண்ணாமலை இரண்டாம் வகையில் சேரும். அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் இதே தொகைகளைப் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரைதான். பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் மட்டும் கிடைக்கும் அலுவலகங்கள் நம் மாவட்டத் தலைநகரங்களில் ஏராளம் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

இத்தனை படியையும் கடந்தவர்தான் உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்கு வருகிறார். 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற விதிகளின் நான்காம் ஆணை அங்கே அவரை நிறுத்துகிறது. ஏ.ஓ.ஆர். ஆக, மாநிலப் பட்டியலில் பெயர் ஏறி நான்கு ஆண்டு நிரம்ப வேண்டும். அதன்பின் ஓராண்டு, நீதிமன்றம் ஏற்கும் ஏ.ஓ.ஆர். ஒருவரிடம் பயிற்சி. பிறகு உச்ச நீதிமன்றம் நடத்தும் தேர்வு. நடைமுறை, மனு வரைதல், தொழில் நெறி, முக்கியத் தீர்ப்புகள் என நான்கு தாள்கள். ஒவ்வொன்றிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம் வாங்கினால்தான் தேர்ச்சி. தேறிய பிறகும் இரண்டு நிபந்தனைகள் காத்திருக்கின்றன. நீதிமன்றக் கட்டடத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் டெல்லியில் அலுவலகம் இருக்க வேண்டும். பதிவான ஒரு மாதத்துக்குள், பதிவு பெற்ற குமாஸ்தா ஒருவரை வேலைக்கு வைக்க வேண்டும்.

இந்த முறையை முதலில் நெஞ்சு நிமிர்த்திக் கேள்வி கேட்டவர் சென்னையில் தயாரான ஒரு பெண். கேரளத்தைச் சேர்ந்த லில்லி தாமஸ் சென்னையில் சட்டம் படித்து, 1955இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்து, இந்தியாவில் சட்டத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண் என்ற பெயரோடு டெல்லி போனவர். அட்வகேட்டாக இருக்கும் தமக்கு இன்னொரு தேர்வு எதற்கு என்று அவர் தொடுத்த வழக்கை அரசியல் சாசன அமர்வு 1964இல் தள்ளுபடி செய்தது. தன் முன் தொழில் செய்பவர்களைப் பற்றி விதி வகுக்க உச்ச நீதிமன்றத்துக்கு அரசியல் சாசனத்தின் 145ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 52ஆம் பிரிவும் அந்த அதிகாரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எனவே தேர்வு செல்லும் என்றார்கள். தோற்றவர் ஓயவில்லை. தண்டனை பெற்ற மக்கள் பிரதிநிதிகள் உடனே பதவி இழப்பார்கள் என்ற 2013ஆம் ஆண்டின் பெயர்பெற்ற தீர்ப்பு அவர் பெயரில்தான் இருக்கிறது. 2019இல் தொண்ணூறு வயதைக் கடந்து மறைந்தார்.

ஏ.ஓ.ஆர். முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தில் வலு உண்டு. கோடானுகோடி மக்களுக்கு ஒரே இறுதி நீதிமன்றம். அங்கே ஒரு மனுவில் பிழை இருந்தால், ஓர் உண்மை மறைக்கப்பட்டால், யாரைப் பிடித்துக் கேட்பது? பெயரும் முகவரியும் உள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கடைசி நேரத்தில் நோட்டீஸை வாங்க, குறைகளைச் சரிசெய்ய, தேதியைக் கவனிக்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். மூத்த வழக்கறிஞர்கூட ஏ.ஓ.ஆர். இல்லாமல் அங்கே ஆஜராக முடியாது என்பதால் இது மாவட்ட வக்கீலுக்கு மட்டும் வைத்த தடையும் அல்ல.

ஆனால் அந்தப் பொறுப்பு நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை நீதிமன்றமே 2013இல் ராமேஸ்வர் பிரசாத் கோயல் வழக்கில் எழுதி வைத்திருக்கிறது. கட்சிக்காரரைப் பார்க்காமல், மனுவைப் படிக்காமல், சிறு தொகைக்குக் கையெழுத்தை மட்டும் கொடுத்துவிட்டு நீதிமன்றத்துக்கே வராத ஏ.ஓ.ஆர்.களை நீதிபதிகள் பி.எஸ்.சௌகான், எஸ்.ஏ.போப்டே அமர்வு வன்மையாகக் கண்டித்தது. ஒரு வழக்குக்கு இருபது முப்பது பெயர்கள் ஆஜர் பட்டியலில் ஏறுவதைத் தடுக்க 2025 மார்ச்சில் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. உண்மையில் வந்து வாதாடுபவரும் உடன் உதவுபவரும் மட்டுமே பதிவாக வேண்டும் என்றது அந்த உத்தரவு. கையெழுத்து விற்பனையானால், பொறுப்பு என்ற காரணம் வலுவிழக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து கட்டு அனுப்பும் வக்கீல் முழு மனுவையும் தயாரிக்கிறார்; டெல்லியில் ஒருவர் கையெழுத்திடுகிறார்; கட்சிக்காரர் இரண்டு பேருக்கும் பீஸ் கட்டுகிறார்.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் பாரில் சேர்ந்தவுடன் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தாமாகத் திறந்துவிடுவதில்லை. 94 மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றங்களும் தனித்தனியே தம் பட்டியல் வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் மட்டும் நான்கு. பெரும்பாலான இடங்களில் தனித் தேர்வு கிடையாது: மாநிலப் பதிவு, நற்சான்று, உறுதிமொழி, கட்டணம், அவ்வளவே. பட்டியலில் இல்லாத வெளியூர் வக்கீலுக்கு அந்த ஒரு வழக்குக்கு மட்டும் அனுமதி தரும் வழக்கமும் பரவலாக உண்டு. அங்கே உச்ச நீதிமன்றத்தில் சேர, ஏதாவது ஒரு மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்தில் மூன்றாண்டுப் பதிவும், ஏற்கெனவே உறுப்பினரான இருவரின் பரிந்துரையும் போதும். வாஷிங்டனில் அலுவலகம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அங்கேயும் வாசல் எளிதாகத் திறக்கவில்லை. பெல்வா லாக்வுட் என்ற பெண்மணி நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்றச் செய்துதான் 1879 மார்ச்சில் அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். அடுத்த ஆண்டே சாமுவேல் லோரி என்ற கறுப்பின வழக்கறிஞரை அவர் பரிந்துரைத்து உள்ளே அழைத்து வந்தார்.

இலங்கையில் அட்வகேட், புரொக்டர் என்றிருந்த இரட்டை முறை 1970களில் ஒழிந்து, எல்லோரும் சட்டத்தரணி என்றானார்கள். அங்கே உயர் நீதிமன்றம்தான் உச்சபட்ச நீதிமன்றம். சட்டத்தரணியைப் பதிவு செய்வதும் அதுவே. யாழ்ப்பாணத்தில் தொழில் செய்யும் சட்டத்தரணிக்கும் கொழும்பில் இருப்பவருக்கும் பதிவில் வேறுபாடு இல்லை.

வெளிநாட்டு வக்கீல்கள் இந்தியாவுக்குள் வரலாமா என்ற கேள்வி தமிழ்நாட்டிலிருந்தும் எழுந்தது. ஏ.கே.பாலாஜி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2012இலும், உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலும் சொன்னது இது: அவர்கள் இங்கே அலுவலகம் போட்டுத் தொழில் செய்ய முடியாது, எப்போதாவது வந்து தம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம். அயல்நாட்டாருக்கு அப்படி ஒரு எல்லை போட்டது நியாயம். சொந்த நாட்டுப் பட்டியலில் இருக்கும் ஒருவருக்குக் கிலோமீட்டர் கணக்கில் எல்லை போடுவதுதான் இடிக்கிறது.

இரண்டு விதமான நிபந்தனைகள் இங்கே கலந்து கிடக்கின்றன. நான்காண்டு அனுபவம், நான்கு தாள் தேர்வு, தொழில் நெறி ஆகியவை ஒருவருடைய திறமையைச் சோதிக்கின்றன. அவை இருக்கட்டும். 16 கிலோமீட்டர் அலுவலகமும், டெல்லியில் ஓராண்டுப் பயிற்சியும், டெல்லியிலேயே நடக்கும் தேர்வும் ஒருவருடைய பணத்தைச் சோதிக்கின்றன. திருவண்ணாமலையிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஓராண்டு வீட்டு வாடகை கொடுத்து, ஊரில் கையிலிருந்த வழக்குகளை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக எத்தனை முதல் தலைமுறை வக்கீல்களால் முடியும்? குழந்தைகளை வளர்க்கும் பெண் வக்கீல்களால்? இவர்களைத் தடுத்து நிறுத்துவதில் நீதிமன்றத்தின் தரம் துளியும் உயர்வதில்லை. 348ஆம் பிரிவின்படி அங்கே எல்லாமே ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழில் சாட்சி விசாரித்துப் பழகிய மாவட்ட வக்கீலுக்கு ஒரு சுமை ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் தூரத்தையும் ஏற்றுவது அதிகம்.

அலுவலகம் பக்கத்தில் இருக்க வேண்டிய காலமும் போய்விட்டது. உச்ச நீதிமன்றத்தில் மின்வழித் தாக்கல் வந்துவிட்டது. கொரோனா காலத்தில் தொடங்கிய காணொலி விசாரணை நிலைத்துவிட்டது. 2022 செப்டம்பரிலிருந்து அரசியல் சாசன அமர்வுகள் நேரலையாகவே தெரிகின்றன. போளூரில் இருக்கும் வக்கீல் தம் அறையிலிருந்தே நீதிபதிகள் முன் தோன்றலாம். நோட்டீஸ் மின்னஞ்சலில் வருகிறது. ஆள் தேடி நீதிமன்றம் போவது நம் சட்டத்துக்குப் புதிதும் அல்ல: ரமணாசிரமத்தின் உரிமை பற்றிய வழக்கில் 1936 நவம்பரில் ரமணரின் சாட்சியத்தைப் பதிவு செய்ய கமிஷன் ஆசிரமத்துக்கே வந்தது. தொலைபேசியே அரிதாக இருந்த காலத்தில் அது முடிந்திருக்கிறது.

தூரத்துக்கு மருந்தாக இன்னொன்றும் நெடுநாளாகக் கேட்கப்படுகிறது. டெல்லியிலோ, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு தலைமை நீதிபதி முடிவு செய்யும் வேறு இடங்களிலோ உச்ச நீதிமன்றம் அமரலாம் என்று 130ஆம் பிரிவு சொல்கிறது. தெற்கு உட்பட நான்கு திசைகளிலும் மேல்முறையீட்டு அமர்வுகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2009இல் தன் 229ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. சென்னை வக்கீல் வி.வசந்தகுமார் தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டுத் தொடுத்த மனுவை 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்த பிறகு, கன்னியாகுமரிக்காரரும் ராமநாதபுரத்துக்காரரும் சென்னைக்கு அலைந்த காலம் முடிந்ததைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. சென்னையில் ஓர் அமர்வு வந்தால் திருவண்ணாமலைக்கு அது 190 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம்.

அந்த அமர்வு எப்போது வரும் என்று காத்திருக்கும்போதே செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று உண்டு. ஏ.ஓ.ஆர். தேர்வை சென்னை உட்பட மாநிலத் தலைநகரங்களில் நடத்துவது, பயிற்சியின் பெரும் பகுதியைக் காணொலி வழியே ஏற்பது, 16 கிலோமீட்டர் விதியை எடுத்துவிட்டு இந்தியாவில் எங்கிருந்தாலும் மின்வழியில் நோட்டீஸ் பெறும் முகவரி போதும் என்று ஆக்குவது. இதற்கு அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டாம், நாடாளுமன்றத்தில் மசோதா வேண்டாம். 145ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் தன் விதியைத் தானே மாற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் போதும். திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு, வந்தவாசி என்று ஒவ்வொரு ஊரின் வழக்கறிஞர் சங்கமும் ஒரு தீர்மானம் போட்டுத் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் வழியாகத் தலைமை நீதிபதிக்கு அனுப்பட்டும்.

அதுவரை, டெல்லிக்கு வழக்கு போகும் நிலையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மனுவில் கையெழுத்திடும் ஏ.ஓ.ஆர். யார் என்று பெயர் கேட்டு வாங்குங்கள். அவரிடம் ஒரு முறையாவது நீங்களே பேசுங்கள். பணம் இல்லை என்பதற்காக வழக்கைக் கைவிட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்கே பார்க்காமல் உச்ச நீதிமன்ற சட்டப் பணிகள் குழு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும் என்பது சட்டம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அதற்கான விண்ணப்பத்தைத் திருவண்ணாமலையில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலேயே கொடுக்கலாம்.